கதை வகுப்பிலிருந்து கட்டுரை நோட்டு வரை

பீடோர் என்றதும் மலேசியர்களுக்கு நினைவுக்கு வருவது கொய்யா. ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே பழைய சாலையில் போகிறவர்கள் இங்கே வண்டியை நிறுத்திக் கொய்யாவும் பெத்தாயும் கோழி பிஸ்கட்டும் வாங்குவார்கள். வாத்து மீ சாப்பிடுவார்கள். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்த பிறகும் இதற்காகவே திரும்பி உள்ளே வருகிறவர்கள் உண்டு. வருகிறவர்கள் பார்க்கும் பீடோர் அந்தக் கடைத்தெருதான். தெலுக் இந்தான் பக்கமும் சுங்கை பக்கமும் தாப்பா பக்கமும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களாக இருந்த பீடோர் அவர்கள் கண்ணில் படுவதில்லை. என் மாணவர்களின் தாத்தா பாட்டிகள் பால் மரம் வெட்டியது அங்கேதான். அவர்களில் பலர் எழுத்துக் கூட்டியதும் அங்கேதான்.

இந்த வட்டாரத்தில் பல ஆண்டுகளாகத் தமிழ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கோயில் விருந்தானாலும் பெற்றோர் கூட்டமானாலும் என் காதில் விழும் பேச்சு ஒன்றுதான்: "இப்போ உள்ள பிள்ளைங்க எங்கே டீச்சர் படிக்குதுங்க? எங்க காலத்துல..." அந்தக் காலம் உண்மையில் எப்படி இருந்தது என்று பெரியவர்களிடம் கேட்டும் பழைய பத்திரிகைச் செய்திகளைத் தேடியும் அறிந்துகொண்டேன். எனக்குக் கிடைத்த விடை அவர்களும் எதிர்பார்க்காதது, நானும் எதிர்பார்க்காதது. பிள்ளைகளின் ஆர்வம் குறைந்துவிடவில்லை. பிள்ளை எழுதியதை எடுத்துப் படித்து, அதற்குப் பதில் சொல்லும் ஆள்தான் குறைந்துவிட்டார்.

ஒரே கூடத்தில் ஆறு வகுப்பு

மலாயாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கம் 1816. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய ஆண்டு அது. தோட்டத்துப் பிள்ளைக்குப் பள்ளி வருவதற்கு அதன் பிறகு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி ஏற்படுத்த வேண்டும் என்றது. சட்டம் பள்ளியைத்தான் கேட்டது. அங்கே பாடம் நடத்துகிறவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்று யாரும் வற்புறுத்தவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ காலையில் சில மணி நேரம் பாடம் நடத்தினார். தகரக் கூரை, பாதிச் சுவர், நீண்ட பெஞ்சு, ஒரே கூடத்தில் எல்லா வகுப்பும். ஒரு வரிசை வாய்ப்பாடு சொல்லும். அடுத்த வரிசை ஆத்திசூடி சொல்லும்.

பாடப் புத்தகம் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. அதில் காவிரி இருந்தது, மாமரம் இருந்தது, கோடை விடுமுறை இருந்தது. படிக்கிற பிள்ளையின் வீட்டு வாசலில் ரப்பர் மரம் இருந்தது. பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் சத்தமும், பால் ஸ்டோரின் புளித்த வாடையும், மதியத்துக்கு மேல் இருட்டிக்கொண்டு கொட்டும் மழையும் புத்தகத்தில் இல்லை. தன் வாழ்க்கை எழுதத் தகுந்த விஷயம் என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்ன புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது.

அந்தப் பள்ளிகளில் நூலகம் இல்லை. ஆனால் வாசிப்பு நடந்தது. மாலையில் தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் ஒருவர் நாளிதழை உரக்கப் படிப்பார்; சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு பிரதி ஒரு லயம் முழுக்கச் சுற்றும். நல்லதங்காள் கதையும் அல்லி அரசாணி மாலையும் இரவு நேரத்தில் ராகத்தோடு படிக்கப்பட்டன. எழுத்தறியாத பாட்டிக்கும் கதைகள் நிறையத் தெரிந்திருந்தது அப்படித்தான்.

கடிதம் எழுதுவதும் வாத்தியார் வேலைதான். ஊரில் இருக்கும் அண்ணனுக்கு, அம்மாவுக்கு, பாதியில் நின்றுபோன கல்யாணப் பேச்சுக்கு என்று தோட்டத்து மக்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுவார். "அப்படி வேணாங்க, அம்மா அழுதுடும், மாத்திப் போடுங்க" என்பார்கள். படிக்கப்போகிறவரின் முகத்தை நினைத்துச் சொல்லை மாற்றுவது என்ற பாடத்தை நான் இன்று ஐந்தாம் ஆண்டு வகுப்பில் சொல்லிக்கொடுக்க முயல்கிறேன். பேனா பிடிக்காத அந்தப் பெண்களுக்கு அது தானாக வந்தது. காரணம், கடலுக்கு அப்பால் அந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்த ஒருவர் இருந்தார்.

பத்திரிகை நடத்திய வகுப்பு

1924இல் தொடங்கிய தமிழ் நேசனும் 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசும் தோட்டங்களுக்குள் செய்தி மட்டும் கொண்டுவரவில்லை. எழுதுவதற்கு ஓர் இடத்தையும் கொண்டுவந்தன. அவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது தமிழ் நேசன் 1950இல் தொடங்கிய 'கதை வகுப்பு'. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதை நடத்தினார்கள். கதை எப்படி அமைகிறது என்று பத்திரிகையிலேயே பாடம் வரும்; வாசகர்கள் கதை எழுதி அனுப்புவார்கள்; அந்தக் கதைகள் மதிப்பிடப்படும். பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர்களுக்கு ஒரு நாளிதழ் எழுத்துப் பயிற்சி கொடுத்தது. மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றைச் சொல்லும் எவரும் அந்த வகுப்பைக் கடந்து போக முடியாது.

அதற்குப் பின்னால் கு. அழகிரிசாமி வந்தார். தமிழ்நாட்டில் சிறந்த சிறுகதை ஆசிரியராகப் பெயர் பெற்றிருந்த அவர் 1950களில் சில ஆண்டுகள் தமிழ் நேசனில் பணியாற்றினார். பத்திரிகை வேலையோடு நில்லாமல் இங்கே எழுதுகிறவர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தி, கதைகளை அவர்களோடு பேசினார். தமிழ் முரசில் அதன் ஆசிரியர் கோ. சாரங்கபாணி, மாணவர்கள் எழுதும் மாணவர் மணிமன்றத்துக்கு இடம் ஒதுக்கினார். 1952இல் அவர் தொடங்கிவைத்த தமிழர் திருநாள் பரவிய ஊர்களில் கதை, கவிதை, பேச்சுப் போட்டிகளும் பரவின. மாணவர் மணிமன்றத்தில் எழுதிய பிள்ளைகள் பலர் பின்னாளில் ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் ஆனார்கள்.

தோட்டத்துப் பையன் ஒருவன் அந்தக் காலத்தில் கதை எழுதி அஞ்சலில் போட்டால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கோலாலம்பூரில் முன்பின் தெரியாத ஒருவர் அதைப் படித்தார். தேறும், தேறாது என்று சொன்னார். தேறாததற்குக் காரணமும் சொன்னார். தேறியது அச்சில் வந்தது. லயத்து வாசலில் அது உரக்கப் படிக்கப்பட்டது. மறுநாள் பால் மங்கு கழுவும் இடத்தில் அதைப் பற்றிப் பேச்சு நடந்தது. பிள்ளையை அடுத்த கதைக்குத் தள்ளியது அந்தப் பேச்சுதான். எழுத்துக்கு உந்துதல் எங்கிருந்து வருகிறது என்று ஆசிரியர் பயிற்சியில் பல விளக்கங்கள் படித்தோம். இந்த ஒரு காட்சி அவற்றைவிட எனக்குத் தெளிவாகச் சொல்கிறது.

அந்த உந்துதல் நீண்ட காலம் தாங்கி, பின்னாளில் நாவல்களாகவும் வெளிவந்தது. 1942, 1943இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர்கள் சயாம் பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவர்கள் குறைவு. அந்தக் கதையை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலாக எழுதினார். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்த அ. ரெங்கசாமி அதே பொருளில் 'நினைவுச்சின்னம்' எழுதினார். ஜப்பானியர் காலத்தையும் அதைத் தொடர்ந்த கொந்தளிப்பையும் 'லங்காட் நதிக்கரை'யில் எழுதினார். மாமரமும் காவிரியும் படித்து வளர்ந்த தலைமுறை, தன் தோட்டத்தையும் தன் துயரத்தையும் எழுதத் துணிந்தது. ரெங்கசாமி ஐயாவைப் போன்ற ஒருவர் என் தொழிலைச் செய்தவர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

தேர்வு வந்தது

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ரப்பருக்குத் தேவைப்பட்ட அளவு ஆட்கள் செம்பனைக்குத் தேவைப்படவில்லை. மக்கள் பட்டணத்துக்கும் புதிய தாமான்களுக்கும் பெயர்ந்தார்கள். 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 520க்குச் சற்று மேல். தோட்டமே இல்லாமல் போன பிறகும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளிகள் எங்கள் பேரா மாநிலத்தில் நிறைய உண்டு.

1988இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு வந்தது. அதை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். எந்த மூலையில் இருந்த பள்ளியானாலும் ஆறாம் ஆண்டு மாணவர் கட்டாயம் எழுதியாக வேண்டும் என்ற நிலையை அது உண்டாக்கியது. தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளையும் எல்லாப் பாடத்திலும் 'ஏ' வாங்கும் என்று பெற்றோருக்குக் காட்டியது. அந்த நம்பிக்கையால் தப்பிப் பிழைத்த பள்ளிகள் உண்டு.

எழுத்துக்கு நேர்ந்தது வேறு. கட்டுரைத் தாளில் புள்ளி எங்கே கிடைக்கும் என்று கண்டுபிடித்தோம். முன்னுரைக்கு ஒரு பழமொழி, நடுவில் இரண்டு உவமைத்தொடர், ஓர் இணைமொழி, முடிவில் ஒரு திருக்குறள். தன்கதை என்றால் பேனாவோ மிதிவண்டியோ காலணியோ பேசும், கடையில் விற்கப்படும், நல்ல முதலாளியிடம் இருக்கும், பழுதாகிக் குப்பையில் கிடக்கும். சிறுகதை என்றால் விபத்து நடக்கும், கண் விழித்தால் மருத்துவமனை, பக்கத்தில் அம்மா, கடைசி வரியில் திருந்திய மகன். மாதிரிக் கட்டுரை நூல்கள் குவிந்தன. மனனம் செய்து அப்படியே இறக்கி வைத்த பிள்ளை நல்ல புள்ளி வாங்கியது. தன் மனத்தில் பட்டதைத் தட்டுத்தடுமாறி எழுதிய பிள்ளை அதைவிடக் குறைவாக வாங்கியது.

பழமொழியும் குறளும் நம் சொத்து. அவற்றைச் சொல்லிக்கொடுக்காத தமிழ் வகுப்பு தமிழ் வகுப்பே ஆகாது. கேடு வேறிடத்தில் இருந்தது. தேர்வுத் தாளைத் திருத்துகிறவர் எழுதிய பிள்ளைக்கு ஒரு வார்த்தைகூடப் பதில் சொல்ல முடியாது. அவர் யார் என்று பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளை யார் என்று அவருக்குத் தெரியாது. தாள் போகும், எழுத்து ஒன்று திரும்பி வரும். கதை வகுப்பிலும் முகம் தெரியாதவர்தான் படித்தார். ஆனால் அவர் காரணம் சொன்னார். அடுத்த கதையை எதிர்பார்த்தார். முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகள் தங்களிடம் பேசாத ஒருவருக்காக எழுதினார்கள். அப்படி எழுதுகிறவர்கள் தேர்வு முடிந்த மறுநாளே நிறுத்திவிடுவதில் வியப்பில்லை.

கையில் திரை, மனத்தில் மூன்று மொழி

2020இல் பெருந்தொற்றால் யூ.பி.எஸ்.ஆர். நடக்கவில்லை. 2021இல் அது அடியோடு நீக்கப்பட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீடு. பாடத்திட்டம் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து, செய்யுளும் மொழியணியும், இலக்கணம் என்று விரிவாகவே இருக்கிறது. மாதிரிக் கட்டுரைக்கு இனி நாடளாவிய கட்டாயம் இல்லை. ஆனாலும் பழக்கம் போகவில்லை. தேர்வு நீங்கி ஆண்டுகள் ஆன பின்னும் மருத்துவமனையில் கண் விழிக்கும் கதைகள் என் மேசைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இன்றைய என் மாணவர்கள் தாமானில் இருக்கிறார்கள். பள்ளி வேனில் வருகிறார்கள். வீட்டில் தமிழ், கடையில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம் என்று மூன்று மொழியில் வாழ்கிறார்கள். பழைய லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் குடியிருக்கிறார்கள். பள்ளியில் நூலகம் உண்டு, குளிர்சாதனம் உண்டு. படித்த புத்தகங்களைப் பதியச் சொல்லும் நீலாம் வாசிப்புத் திட்டமும் உண்டு. சொல்லப்போனால், எந்தத் தலைமுறைத் தோட்டப் பிள்ளைக்கும் கிடைக்காத அளவு எழுத்து இவர்கள் கண்முன் ஓடுகிறது.

இங்கேயே, இவர்களுக்காகவே எழுதும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். கெடாவில் ஆசிரியராக இருக்கும் கே. பாலமுருகன் 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' என்ற சிறுவர் நாவல் எழுதினார். அதைக் கொடுத்தால் வகுப்பில் புத்தகத்தைத் தொடாத பையனும் முடிக்காமல் விடமாட்டான். ஆசிரியரான ம. நவீன் வல்லினம் இதழை நடத்திப் பெரியவர்களின் எழுத்துக்குக் களம் அமைத்திருக்கிறார். பாடநூலின் மாமரத்திலிருந்து நாம் வெகுதூரம் வந்துவிட்டோம்.

ஆனால் 2019 தொடக்கத்தில் தமிழ் நேசன் நின்றுபோனது. கதை வகுப்பு நடத்திய பத்திரிகை 95 ஆண்டுகளை நிறைவு செய்யும் முன்பே மூடப்பட்டது. மிச்சமுள்ள நாளிதழ்களில் மாணவர் பக்கம் வருகிறது. அவற்றைத் தயாரிக்கிறவர்கள் அரும்பாடு படுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும் நாளிதழ் வாங்கும் வீடுகள் குறைந்துவிட்டன. அச்சில் வந்த பிள்ளையின் கதையை உரக்கப் படிக்க லயத்து வாசல் இல்லை. நீலாமில் பிள்ளை பதிவு செய்கிறது, எண்ணிக்கை ஏறுகிறது; ஆனால் 'அந்தக் கதையில் உனக்கு யாரைப் பிடித்தது?' என்று கேட்க ஆள் வேண்டும். கைப்பேசியில் ஒரு படம் போட்டால் விருப்பக்குறி வந்துவிடுகிறது. அது பார்த்தேன் என்ற அடையாளம். படித்தேன், இந்த வரியில் நின்றேன் என்று அது சொல்வதில்லை.

ஒரு கேள்வி எழுதிவிட்டுக் காத்திருப்பது

இதையெல்லாம் அறிந்த பிறகு என் வகுப்பில் இரண்டு வேலைகளை வழக்கமாக்கினேன்.

முதலாவது, உரக்கப் படிப்பது. ஓய்வு நேரம் முடிந்து பிள்ளைகள் வியர்வையோடு வந்து உட்காரும்போது ஒரு கதையைப் படிப்பேன். கேள்வி இல்லை, பயிற்சி இல்லை. சுவையான இடத்தில் நிறுத்திவிடுவேன். கேட்டுப் பழகிய காதுக்குத்தான் தன் வாக்கியம் நொண்டுவது தெரியும். எழுத்து வராத பிள்ளைக்கு நான் முதலில் கொடுப்பது கேட்கும் நேரம். தமிழ் வாக்கியத்தின் ஓட்டம் காதில் ஏறிவிட்டால் பேனா தானாகப் பின்னால் வருகிறது.

இரண்டாவது, கட்டுரை நோட்டின் அடியில் புள்ளிக்குப் பதிலாக ஒரு கேள்வி எழுதுவது. எழுத்துப்பிழையைத் திருத்துவேன், அது என் கடமை. அதோடு, உண்மையாகவே எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைக் கேட்பேன். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநரின் மகன் ஒருவன் 'என் அப்பா கடினமாக உழைப்பார்' என்று ஒரு வரி எழுதி நிறுத்தியிருந்தான். "அப்பா லாரியில் நீ ஏறியிருக்கிறாயா? உள்ளே என்ன வாசம் வரும்?" என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அரைப் பக்கம் வந்தது. பழத்தின் புளிப்பு வாடை, டீசல், அப்பா கண்ணாடிக்கு முன்னால் தொங்கவிட்டிருக்கும் முருகன் படம், இருக்கையின் கிழிசலில் விரலை விட்டு விளையாடியது எல்லாம் அதில் இருந்தன. உவமைத்தொடர் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த லாரி பேராவில் ஓடுகிற லாரி.

இன்னொரு பிள்ளை தன் பாட்டி இன்றும் நாலு மணிக்கே எழுந்துவிடுவதை எழுதியது. பிரட்டு இல்லை, வெட்ட மரமும் இல்லை. ஆனாலும் எழுந்து, காப்பி கலக்கி, இருட்டில் உட்கார்ந்திருப்பாராம். "பாட்டி அப்போது என்ன நினைப்பார்?" என்று கேட்டேன். பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடமே கேட்டது. அந்தப் பாட்டி ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டுப் பால் வெட்டும் நிரைக்கு ஓடிய காலத்தைச் சொல்லத் தொடங்கினார். பேத்தி எழுதிக்கொண்டே வந்தது. என் நோட்டில் தொடங்கிய உரையாடல் அவர்கள் வீட்டுக்குள் போய்விட்டது. ஓர் ஆசிரியர் இதைவிடப் பெரிதாக எதை விரும்ப முடியும்?

கற்பனை ஊற்று எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. மேகத்திலிருந்து திடீரென்று இறங்கி வரும் ஒன்று என்று அவர்கள் நம்புகிறார்கள். உன் வீட்டில், உன் தெருவில், நீ சாதாரணம் என்று தள்ளிவிட்ட விஷயத்தில் இருக்கிறது என்பேன். அதை எடுத்துப் பார்க்கத் தூண்டுவது ஒருவரின் ஆர்வமான கேள்வி. கதை வகுப்பை நடத்தியவர்கள் தோட்டத்து இளைஞர்களுக்குச் செய்தது அதுதான். சொல்லச் சொல்லக் கடிதம் எழுதிய வாத்தியார் செய்ததும் அதுதான்.

இதற்கு நேரம் எங்கே என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. முப்பது நோட்டுக்கும் ஒவ்வொரு வாரமும் கேள்வி எழுத முடியாது. வாரத்துக்கு ஆறு பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால் முறை எல்லோருக்கும் வந்துவிடும். கேட்பவர் ஆசிரியராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பக்கத்து மேசைப் பிள்ளை கேட்கலாம். அப்பா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டை வாங்கிப் படித்து ஒன்று கேட்கலாம். தமிழ் படிக்கத் தெரியாத பெற்றோர், பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். நம் தாத்தா பாட்டிகளில் பலர் இலக்கியத்தை அறிந்ததே அப்படித்தானே.

பள்ளியில் கையெழுத்து இதழ் ஒன்றையும் தொடங்கியிருக்கிறோம். பிள்ளைகள் எழுதி, படம் வரைந்து, நகலெடுத்துத் தைப்பார்கள். கடைசிப் பக்கம் வெறுமையாக இருக்கும். படித்தவர் அங்கே எழுதித் திருப்பித் தர வேண்டும் என்பது எங்கள் நிபந்தனை. கோயில் மண்டபத்திலும் முடிதிருத்தும் கடையிலும் தெரிந்தவர் வீட்டிலும் கொடுத்து வைக்கிறோம். திரும்பி வந்த இதழ்களில் "நல்ல முயற்சி" என்று எழுதியவர்கள் பலர். "நானும் அந்தத் தோட்டத்தில்தான் பிறந்தேன், ஆற்றங்கரையில் இருந்த புளியமரத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை?" என்று எழுதியவர் ஒருவர். அடுத்த இதழில் புளியமரத்தைப் பற்றி மூன்று பிள்ளைகள் போட்டி போட்டு எழுதினார்கள்.

எனவே, எங்கள் காலத்தில் எல்லாம் படித்தோம் என்று சொல்லும் பெரியவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. உங்கள் காலத்தில் உங்கள் எழுத்தை ஒருவர் படித்தார், பதில் சொன்னார். அந்த ஒருவராக இன்று நீங்கள் இருங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையின் கட்டுரை நோட்டை இந்த வாரமே வாங்கிப் படியுங்கள். பிழைகளை ஆசிரியருக்கு விட்டுவிடுங்கள். உங்களுக்கு உண்மையாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கேள்வியைக் கேளுங்கள். அந்தப் பிள்ளை அடுத்த பக்கத்தைக் கட்டாயம் எழுதும்.